தொற்று இருந்தால் சிசேரியனா? கோவிட் காலப் பிரசவங்கள் குறித்து ஒரு வாக்குவாதம்

மழைக்குருவி:
2020 மே மாதம். 39 வாரம் முடிந்திருந்தது. இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் மருத்துவமனையில் சேரும்போது எடுத்த பரிசோதனையில் பாசிட்டிவ். "தலை இறங்கிவிட்டது, சுகப்பிரசவம்தான்" என்று காலையில் சொன்ன அதே மருத்துவர், முடிவு வந்த ஒரு மணி நேரத்தில், "சிசேரியன்தான், இல்லையென்றால் குழந்தைக்குத் தொற்றிவிடும்" என்றார். மகளை ஒன்பதாம் நாள்தான் கையில் வாங்கினேன். தொற்று இருப்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அந்த மார்ச்சிலேயே சொல்லியிருந்ததாம். பிறகு ஏன் வெட்டினீர்கள்?

இரவுப்பணி:
நான் மயக்கவியல் மருத்துவன். அந்த ஆண்டு முழுக்க பிரசவ அறையில்தான் இருந்தேன். ஆகவே "வெட்டினீர்கள்" என்பதில் நானும் அடக்கம். இன்றைய அறிவை வைத்து அன்றைய முடிவை அளக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் வுஹானிலிருந்து லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த அறிக்கையில் 9 கர்ப்பிணிகள். 9 பேருக்கும் சிசேரியன். ஆறு பேரின் பனிக்குட நீர், தொப்புள்கொடி ரத்தம், தாய்ப்பால் எல்லாம் சோதித்தார்கள், கிருமி இல்லை. ஆனால் சுகப்பிரசவம் ஆனவர் ஒருவர்கூட அதில் கிடையாது! அந்த வழியில் தொற்றுமா தொற்றாதா என்று அதை வைத்து எப்படிச் சொல்வது?

இன்னொன்று. நள்ளிரவில் குழந்தையின் இதயத்துடிப்பு சரிகிறது என்று வையுங்கள். வழக்கமாக ஓடிப்போய் அறுவைக்கு எடுத்துவிடுவோம். அப்போது முதலில் கவச உடை போட வேண்டும். அந்த நிமிடங்கள் குழந்தைக்குச் சொந்தமானவை. முதுகில் ஊசி போட நேரமில்லையென்றால் முழு மயக்கம், மூச்சுக்குழலில் குழாய். எங்களுக்குத் தொற்று ஏறும் அபாயம் மிக அதிகமான கட்டம் அதுதான். பகலிலேயே நிதானமாக அறுவை செய்யலாம் என்று நினைத்ததைக் கொலைக்குற்றம் போலப் பேசாதீர்கள்.

பழையதாதி:
ஐயா, அந்த அவசரத்துக்கு மாற்றுவழி உங்கள் துறையே சொன்னதுதானே? வலி எடுத்ததும் எபிடூரல், அதாவது முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலிமருந்து கொடுக்கும் முறை, அதைப் போட்டு வைத்துவிட்டால், அவசரம் வரும்போது அதே குழாயில் மருந்தைக் கூட்டலாம். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. கத்தியை முந்திக்கொள்ள வேண்டியதில்லை.

இரவுப்பணி:
எபிடூரல் போட இரவு முழுக்க ஓர் ஆள் வேண்டும், அம்மா. பாதிப் பேர் தனிமைப்படுத்தலில் இருந்தார்கள்.

எண்கணக்கு:
2020-இல் ஸ்பெயினில் ஒரு ஆய்வு வந்தது. தொற்று லேசாக இருந்த தாய்மாரில், சிசேரியன் ஆனவர்களுக்கே பிறகு உடல்நிலை அதிகம் மோசமானது. குழந்தை பக்கமும் பார்த்தாகிவிட்டது. 2022-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வில், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளில் பாசிட்டிவ் ஆனவை 2 சதவீதத்துக்கும் குறைவு. பிரசவ முறை எதுவானாலும் அதில் வேறுபாடு தெரியவில்லை. ஆக, வெட்டியதால் காப்பாற்றியது யாரை?

இரவுப்பணி:
ஸ்பெயின் ஆய்வை வைத்துக் கணக்கை முடிக்காதீர்கள். உடல் மோசமாகிக்கொண்டிருந்தவர்களைத்தானே அறுவைக்கு முதலில் எடுத்திருப்பார்கள்? எது காரணம், எது விளைவு என்று அதில் பிரிக்க முடியாது. 2022 ஆய்வை ஏற்கிறேன். அது 2022-இல் வந்தது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

திண்ணைவாசி:
இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றுதான் பலர் வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2019-ஐ விட 2020-இல் வீட்டுப் பிரசவம் 22 சதவீதம் கூடியது. மருத்துவமனைதான் நோய்க்கூடம் ஆகிவிட்டதே!

பழையதாதி:
அங்கே அது மொத்தப் பிரசவங்களில் சிறு துளி. நேபாளத்தைப் பாருங்கள். முடக்கத்தில் 9 மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. அங்கே வந்து சேர்ந்தவர்களிலேயே, இறந்து பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 14-லிருந்து 21 ஆயின. வராதவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. நோய்க்கூடம் என்று பயமுறுத்துவதற்கு முன் ஒரு நொடி யோசியுங்கள்.

எண்கணக்கு:
வீட்டுப் பிரசவத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். மழைக்குருவியின் கேள்வி அப்படியே நிற்கிறது.

மழைக்குருவி:
இரவுப்பணி, உங்கள் வாதத்தை இரண்டு முறை படித்தேன். கவச உடை, ஆள் பற்றாக்குறை, மூச்சுக்குழல், எல்லாம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட அன்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. "குழந்தைக்காக" என்றார்கள். ஒப்புதல் படிவத்திலும் அதையே எழுதியிருந்தார்கள். "எங்களுக்கும் பயமாக இருக்கிறது, இரவில் ஆள் இல்லை" என்று சொல்லியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நான்கு ஆண்டுகள் என் உடம்புதான் அவளுக்கு விஷமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

இரவுப்பணி:
அந்தப் படிவத்தில் இப்படி எழுதச் சொன்னவர்களில் நானும் ஒருவன், உங்கள் மருத்துவமனையில் இல்லாவிட்டாலும். அறுவை சரியா தவறா என்பதில் என் கருத்து மாறவில்லை. அந்த வரியை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியாது.

திண்ணைவாசி:
அந்த ஒன்பது நாட்கள்?

மழைக்குருவி:
பாலைப் பீய்ச்சி வெளியே கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன்.