முதல் உலகப் போரில் இறந்த முன்னோரின் இறந்த தேதியை எங்கே தேடுவது?

வேலூர்ப் பேத்தி:
என் பாட்டியின் அப்பா வட ஆர்க்காட்டிலிருந்து மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் சேர்ந்து மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) போனவர். திரும்பவில்லை. பாட்டி அப்போது கைக்குழந்தை. சூலம் ஏந்திய பெண்ணும் சிங்கமும் உள்ள ஒரு வெண்கல வட்டத் தட்டும், ராஜா தலை போட்ட ஒரு வெள்ளிப் பதக்கமும் வீட்டில் இருக்கின்றன. தட்டைப் பாட்டி பூஜை அறையில் வைத்துப் பொட்டிட்டு வந்தார். பார்த்தவர்கள் அம்மன் என்றே நினைத்தார்கள்.

இறந்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையில்தான் தர்ப்பணம் செய்கிறோம். அப்பாவுக்கென்று ஒரு திதி இல்லையே என்று பாட்டி கடைசிவரை வருந்தினார். தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வுபெற்ற சாப்பர்:
அம்மா, போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய தட்டு அது. உயிர்த்தியாகத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதால் அதில் பதவி இருக்காது, பெயர் மட்டுமே. பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கே இருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். பிறகு காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு தேடுங்கள், கட்டணம் இல்லை. பெயரை நம்பாதீர்கள். முனுசாமி என்பதையே எழுத்தர்கள் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். சிலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூடப் பதிவாகியிருக்கும்.

வரலாற்று ஆசிரியை:
கல்லறை இல்லாதவர் என்றால் அவர் பெரும்பாலும் இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்தின் கணக்கில் இருப்பார். அது 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. ஆனால் கல்லில் அவர் பெயரைத் தேடாதீர்கள். அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தவர்கள், இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். தட்டில் இருந்த சமத்துவம் கல்லில் இல்லை. 2021-இல் ஆணையம் இதற்காக மன்னிப்புக் கேட்டது. அந்த மன்னிப்பைக் காதால் கேட்டிருக்க வேண்டிய பிள்ளைகள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை.

வேலூர்ப் பேத்தி:
ஐயா, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எண்ணைப் படித்துவிட்டோம். பதிவும் கிடைத்தது! பெயரில் இரண்டு எழுத்துகள் மாறியிருக்கின்றன, தந்தை பெயரும் ஊரும் சரியாக இருக்கின்றன. இறந்த தேதி 23 பிப்ரவரி 1917.

வரலாற்று ஆசிரியை:
சும்ரான் வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்த நாள் அது. எதிரிகளான துருக்கியரின் குண்டுமழைக்கு நடுவே பிரிட்டிஷ் இந்தியப் படையினர் படகுகளில் வீரர்களை அக்கரை சேர்த்து, அன்றே மிதவைப் பாலமும் கட்டினார்கள். அடுத்த மாதம் பாக்தாத் வீழ்ந்தது.

வேலூர்ப் பேத்தி:
இதைப் பாட்டியிடம் சொல்ல முடியவில்லையே, அம்மா. நள வருடம் மாசி மாதத்துப் பஞ்சாங்கம் யாரிடமாவது இருந்தால் அன்றைய திதியைப் பார்த்துச் சொல்லுங்கள். வருகிற மாசியிலேயே செய்துவிடுகிறோம்.