பெயர்த்தகடு இல்லாத பழைய பிரிட்டிஷ் டம்பர்: அடையாளம் கண்ட அனுபவங்களைப் பகிருங்கள்

மிட்லண்ட்ஸ் மெக்கானிக்:

இங்கிலாந்தில் பழைய கட்டட வேலை இயந்திரங்களைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் ரோடு ரோலர், எக்ஸ்கவேட்டர், டிராக்டர் பக்கம்தான் போகிறார்கள். முன்னால் தொட்டி, பின்னால் டிரைவர் என்று சைட் முழுக்க மண்ணையும் கான்கிரீட்டையும் சுமந்து திரிந்த சின்ன டம்பரை அதிகம் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டில் எழும்பிய வீடு, பள்ளிக்கூடம், சாலை எல்லாவற்றிலும் இதன் உழைப்பு இருக்கிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

ஆராய்ச்சி என்று இறங்கினால் முதல் சிக்கல் காகிதம். சைட்டுக்குள்ளேயே ஓடிய வண்டிகளில் பலவற்றுக்கு ரோடு பதிவு எண்ணே கிடையாது. அதனால் பதிவுப் புத்தகத்தை வைத்து வருடம் பிடிக்க வழியில்லை. வாடகைக் கம்பெனி, அப்புறம் சின்ன கான்ட்ராக்டர், கடைசியில் ஏதாவது பண்ணை என்று கைமாறும்போது பெயர்த்தகடும் எங்கோ விழுந்துவிடும். மிஞ்சுவது இரும்பு மட்டும்தான். அந்த இரும்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வார்விக்‌ஷயரில் ஒரு பண்ணையில், முட்புதருக்குள் பாதி மறைந்து நின்றது. பண்ணைக்காரர் அதை 'த்வெய்ட்ஸ்' என்றார். அந்தப் பக்கம் அப்படிச் சொல்வது இயல்பு. த்வெய்ட்ஸ் கம்பெனி 1937 முதல் பக்கத்து ஊரான லெமிங்டன் ஸ்பாவில் இருக்கிறது, இன்றும் டம்பர் செய்கிறது. ஆனால் அடுத்த ஊரான வார்விக்கில் பென்ஃபோர்டும் டம்பர் செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு ஊருக்கும் நடுவே சில மைல்தான்.

மேல் பெயின்ட் மஞ்சள். கீறிப் பார்த்தால் கீழே நீலம், அதற்கும் கீழே இன்னொரு மஞ்சள். வாடகைக் கம்பெனிகள் தங்கள் நிறத்தை அடித்துக்கொள்வார்கள் என்பதால் நிறத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது. இன்ஜின் லிஸ்டர். அதையும் நம்ப முடியாது. லிஸ்டர் என்பது க்ளஸ்டர்‌ஷயரின் டர்ஸ்லி ஊர் இன்ஜின் கம்பெனி. பெட்டர் என்ற இன்னொரு இன்ஜின் கம்பெனியைப் போலவே பல டம்பர்காரர்களுக்கும் இன்ஜின் கொடுத்தது. ஒன்று போனால் இன்னொன்றை மாட்டி ஓட்டிவிடுவார்கள். இன்ஜின் தகட்டை மட்டும் பார்த்துவிட்டு 'லிஸ்டர் டம்பர் விற்பனைக்கு' என்று போடும் விளம்பரங்களை இன்றும் பார்க்கிறேன். லிஸ்டரே மூன்று சக்கர ஆட்டோ-டிரக் என்று ஒரு சரக்கு வண்டி செய்ததால் குழப்பம் கூடுகிறது.

கடைசியில் உதவியது ஆணி ஓட்டைகள். பெயர்த்தகடு போயிருந்தாலும் அதைப் பிடித்திருந்த நான்கு ரிவெட் ஓட்டைகள் சேசிஸில் அப்படியே இருந்தன. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு தாளை வைத்துப் பென்சிலால் உரசி, ஓட்டைகளின் இடைவெளியை அச்செடுத்தேன். பழைய இயந்திரக் கண்காட்சி ஒன்றில் தகடோடு நின்ற பென்ஃபோர்டின் மேல் அந்தத் தாளை வைத்தேன். நான்கு ஓட்டையும் பொருந்தின. தொட்டியைப் பூட்டும் கொக்கியும், அதை விடுவிக்கும் லீவர் எந்தப் பக்கம் என்பதும்கூட ஒன்றாகவே இருந்தன. அதற்குப் பிறகுதான் பென்ஃபோர்ட் என்று எழுதி வைத்தேன்.

சுருக்கமாகச் சொன்னால் சேசிஸ், தொட்டியின் கீல், கியர் பாக்ஸ் வார்ப்பு, இந்த மூன்றையும் பாருங்கள். எளிதில் மாற்ற முடியாதவை இவைதான். கியர் பாக்ஸில்கூட ஒரு எச்சரிக்கை உண்டு. அதில் 'நியூஏஜ்' என்று எழுத்து புடைத்திருந்தால் அது கோவென்ட்ரியின் உதிரிபாகக் கம்பெனி. டம்பரைச் செய்தவர் வேறு.

குவாரிக்காரன்:

அண்ணா, நல்ல ஆரம்பம். நான் பார்த்தது இதைவிடப் பெரிய ஜாதி. கம்ப்ரியாவில் கெஸ்விக் பக்கத்தில் த்ரெல்கெல்ட் குவாரி அருங்காட்சியகம் இருக்கிறதல்லவா, பழைய எக்ஸ்கவேட்டர்களை ஓட்டியே காட்டுவார்கள். அங்கே போய் வந்ததிலிருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம். அப்புறம் ஒரு தனியார் கொட்டகையில் மியூர்-ஹில் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தது.

மியூர்-ஹில் மான்செஸ்டர் கம்பெனி. 1920களிலேயே ஃபோர்ட்சன் டிராக்டரை அடிப்படையாக வைத்து டம்பர் செய்யத் தொடங்கியவர்கள். டிராக்டரைத் திருப்பிப்போட்ட அமைப்பு அது. பெரிய சக்கரங்கள் முன்னால் வந்து தொட்டியின் பாரத்தைச் சுமக்கும், திரும்பும் சின்னச் சக்கரங்கள் பின்னால் போய்விடும். சின்ன டம்பர்களிலும் பல காலம் இதே முறைதான்: முன் சக்கரம் இழுக்கும், பின் சக்கரம் திரும்பும். நடுவில் மடங்கித் திரும்பும் வண்டிகள் பிறகு வந்தவை.

ஃபோர்ட்சன் அடிப்படை என்பதால் காலம் கணிக்க ஒரு வசதி இருக்கிறது. ஃபோர்ட்சன் 'என்' மாடல் 1929 முதல் அயர்லாந்தின் கார்க் நகரில் உற்பத்தியானது, 1933-ல் இங்கிலாந்தின் டேகனமுக்கு வந்தது. டிராக்டராக விற்றபோது 1937 வரை நீலம், அதன்பின் ஆரஞ்சு, போர்க்காலத்தில் பச்சை. 1945-ல் அடுத்த மாடலான ஃபோர்ட்சன் மேஜர் வந்துவிட்டது. டிராக்டர்காரர்கள் இன்ஜின் எண் பட்டியலை நன்றாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆனால் அது இன்ஜினின் வயது மட்டும்தான். அதை அப்படியே வண்டியின் வயதாக எழுதிவிடாதீர்கள்.

அந்தக் கொட்டகையில் ஒரு பெரியவர் வந்திருந்தார், இளம் வயதில் சைட்டில் டம்பர் ஓட்டியவர். பக்கத்தில் நின்ற சின்ன டீசல் டம்பரைக் கைப்பிடி போட்டு ஸ்டார்ட் செய்து காட்டினார். கம்ப்ரஷனை விடுவிக்கும் லீவரைத் தூக்கி, கைப்பிடியை வேகம் எடுக்கும் வரை சுற்றி, லீவரைக் கீழே தள்ளினார். அவர் பிடித்த பிடியைக் கவனித்தேன். கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றிப் போகவில்லை, மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருந்தது. இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கைப்பிடி கட்டைவிரலையும் மணிக்கட்டையும் உடைத்துவிடும் என்றார். இந்த வண்டிகளைத் தொடப்போகும் எல்லோரும் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

தொட்டி கவிழும் விதமும் அவர் சொல்லித்தான் முழுசாகப் புரிந்தது. பழைய மாடல்களில் ஹைட்ராலிக் கிடையாது. தொட்டி நிறைந்திருக்கும்போது பாரம் கீலுக்கு முன்னால் விழும், கொக்கியை விட்டதும் தானாகக் கவிழும். காலியானதும் எடை கீலுக்குப் பின்னால் வந்துவிடும், லேசாக ஒரு குலுக்கு கொடுத்தால் திரும்பி வந்து பூட்டிக்கொள்ளும். பள்ளத்தின் விளிம்பில் கவிழ்க்கும்போது மொத்த பாரமும் முன்னால் பாய்வதால் வண்டியே தலைகுப்புறப் போகும் ஆபத்து உண்டு. அதனால் சக்கரம் முட்டி நிற்கத் தடி மரத்தைக் குறுக்கே போடுவார்களாம்.

ஆவணப்பெட்டி:

இரும்புப் பக்கம் நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நான் படங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பிடம் உள்ள ஜான் லெயிங் கட்டுமானக் கம்பெனியின் புகைப்படத் தொகுப்பு. 1959-ல் திறக்கப்பட்ட எம்1 நெடுஞ்சாலையின் முதல் பகுதியில் பெரும்பாலானதைக் கட்டியவர்கள் இவர்கள். படம் எடுத்தவர் கட்டடத்தைத்தான் எடுத்திருப்பார், டம்பர் ஓரத்தில் நிற்கும். அந்த ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்துக்குத் தேதி இருப்பதால், இந்த மாடல் இந்த வருடத்துக்குள் வந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். தேதி போட்ட ஒரு படம் எனக்குப் பத்து பேரின் ஞாபகத்தைவிட மேல்.

அடுத்தது தொழில் பத்திரிகை விளம்பரம். 'கான்ட்ராக்ட் ஜர்னல்' 2009-ல் நின்றுபோனது, ஆனால் பழைய இதழ்கள் நூலகங்களில் கிடைக்கின்றன. விளம்பரத்தில் கொள்ளளவைக் கன கஜத்திலும், ஹண்ட்ரட்வெயிட் என்ற பழைய பிரிட்டிஷ் எடை அளவிலும் போட்டிருப்பார்கள். 15 ஹண்ட்ரட்வெயிட் என்றால் சுமார் 762 கிலோ. உங்கள் தொட்டியை அளந்து கன கஜமாக மாற்றிப் பார்த்தால் எந்த மாடல் வரிசை என்று ஓரளவு பிடிபடும்.

கம்பெனி கைமாறிய கதையும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தவறான கதவைத் தட்டுவீர்கள். பென்ஃபோர்டை 1999-ல் டெரெக்ஸ் வாங்கியது, டெரெக்ஸின் கோவென்ட்ரி ஆலை பின்னர் பிரான்ஸின் மெக்காலக்கிடம் போனது. கிரந்தமின் அவெலிங்-பார்ஃபோர்டு, 1934-ல் கென்ட் மாவட்டத்து ராச்செஸ்டரின் ஒரு கம்பெனியும் பீட்டர்பரோவின் ஒரு கம்பெனியும் சேர்ந்து உருவானது. அதனால்தான் லிங்கன்‌ஷயரில் செய்த இயந்திரத்தில் கென்ட் மாவட்டத்தின் குதிரைச் சின்னம் நிற்கிறது. குதிரையைப் பார்த்துவிட்டு கென்ட்டில் ஆவணம் தேடப் போனவர்களை எனக்குத் தெரியும்.

புதிய உறுப்பினர்:

வணக்கம். என்னிடம் ஒரு சின்ன டம்பர் இருக்கிறது, தகடு இல்லை. இன்ஜின் பெட்டர். தலைக்கு மேல் பாதுகாப்புக் குழாய்ச் சட்டம் இருக்கிறது. என் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் பல போல்ட்டில் சரியாக உட்காரவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

மிட்லண்ட்ஸ் மெக்கானிக்:

தம்பி, போல்ட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் போல்ட் அளவு) ஸ்பேனர் செட் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். சேசிஸ் போல்ட்டுகளில் அது கச்சிதமாக உட்கார்ந்தால் வண்டி பெரும்பாலும் பழைய வரிசை. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் போருக்குப் பிறகு மெல்ல மெல்ல யூனிஃபைடு என்ற இன்ச் அளவு மரைக்கும், 1965-க்குப் பிறகு மெட்ரிக்குக்கும் நகர்ந்தன. ஆனால் மாற்றிப் போட்ட போல்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், கீல் அருகிலும் சக்கர அச்சைப் பிடிக்கும் இடத்திலும் உள்ளவற்றையே பாருங்கள். குழாய்ச் சட்டத்தை வயதுக்கு ஆதாரமாக எடுக்க வேண்டாம். 1998 பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு பழைய வண்டிகளிலும் மாட்டியிருக்கிறார்கள். அது சேசிஸோடு வெல்டா, பிறகு துளையிட்டு முடுக்கியதா என்று பாருங்கள்.

படம் போடும்போது தொட்டி பூட்டும் கொக்கி, கீல், கியர் பாக்ஸின் இரண்டு பக்கமும், தகடு இருந்த இடம் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். ரிவெட் ஓட்டைகளின் இடைவெளியை இன்ச்சில் எழுதுங்கள். என்னிடம் இருக்கும் பென்சில் அச்சுகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். அதுவரை பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம்.