எல்எக்ஸ் 570-ம் லேண்ட் குரூஸரும் ஒரே வண்டிதானா?

அஜ்மான்_தம்பி:
வணக்கம். ஊரிலிருந்து குடும்பம் வந்துவிட்டது, மாமியாரோடு சேர்த்து ஏழு பேர். துபாய் அவீர் பழைய கார் மார்க்கெட்டில் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் 2014. ஒன்று டொயோட்டா லேண்ட் குரூஸர் விஎக்ஸ்ஆர் 5.7. மற்றது டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸின் எல்எக்ஸ் 570, அதற்கு 18,000 திர்ஹம் கூடுதலாகக் கேட்கிறார்கள். "ரெண்டும் ஒரே சேசிஸ், ஒரே இன்ஜின், பேட்ஜுக்குத்தான் காசு" என்கிறார் ஆபீஸ் நண்பர். நிஜமா?

பேரீச்சை:
பேட்ஜுக்குத்தான். ஆனால் அந்த பேட்ஜைப் பார்த்தால்தான் என் மச்சான் வண்டியைத் துடைக்கிறான் :)

ஸ்பேனர்பாய்:
தம்பி, உங்கள் நண்பர் சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் 16 வருஷமாக இந்த இரண்டு வண்டிக்கும் அடியில் படுத்துக் கிடக்கிறேன்.

இரண்டும் 200 சீரீஸ் என்கிற ஒரே தலைமுறை. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2,850 மில்லிமீட்டர். பழைய 80 சீரீஸ் காலத்திலிருந்து டொயோட்டா அதில் கை வைக்கவில்லை. எல்எக்ஸைக் கட்டுவது டொயோட்டா சிட்டியில் இருக்கிற யோஷிவாரா ஆலை. லேண்ட் குரூஸரும் அங்கே தயாராகிறது. சேசிஸ் தகட்டைப் பாருங்கள்: 5.7 லேண்ட் குரூஸர் யூஆர்ஜே200, லெக்ஸஸ் யூஆர்ஜே201. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்.

இன்ஜின் இரண்டிலும் 3யூஆர் என்கிற 5.7 லிட்டர் வி8. நோயும் ஒன்றே. பானட்டைத் திறந்து ரேடியேட்டரின் மேல் டேங்க்கை டார்ச் அடித்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் இருக்கும். வாட்டர் பம்ப் பக்கம் இளஞ்சிவப்பாக உப்புப் பூத்த மாதிரி காய்ந்திருந்தால் கூலன்ட் கசிந்திருக்கிறது. நான் ஒரே பம்பைத்தான் இரண்டுக்கும் மாட்டுகிறேன்.

காசு வேறாவது சஸ்பென்ஷனில். விஎக்ஸ்ஆரில் சாதாரண ஷாக்கும் காயிலும்தான். எல்எக்ஸில் காயிலோடு ஏஎச்சி என்று ஒரு ஹைட்ராலிக் வேலை உண்டு: பம்ப், ஆயில் லைன், நைட்ரஜன் அடைத்த உருண்டைகள். ஸ்விட்ச் போட்டால் வண்டி எழும்பும், இறங்கும். ஆட்கள் ஏறி இறங்க வசதியாக நிறுத்தியதும் தானே தாழ்கிற ஏற்பாடும் இருக்கிறது, உங்கள் மாமியாருக்கு அது பெரிய உதவி. நன்றாக இருக்கும்வரை ஸ்பீட் பிரேக்கரில் படகு மாதிரி போகும். உருண்டையில் கேஸ் போனால் மாட்டுவண்டிதான். அப்போது வருகிற பில்லுக்கு உங்கள் 18,000-இல் நல்ல பங்கு போய்விடும்.

நான் பார்க்கிற முறை இது. சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஓட, வண்டியை லோவில் வையுங்கள். ஏஎச்சி ஆயில் டப்பாவில் எந்தக் கோட்டில் ஆயில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹையில் போட்டு, முழுசாக எழும்பியதும் திரும்பப் பாருங்கள். ஆயில் பல கோடு இறங்கினால் உருண்டைகளில் உயிர் இருக்கிறது. கொஞ்சமாக அசைந்தால் விலையை உடையுங்கள், இல்லை நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று. போன வருஷம் ஒருத்தர் எல்எக்ஸ் கொண்டுவந்தார், வாங்கி இரண்டு வாரம். ஸ்விட்ச் போட்டால் அசையவே இல்லை. கீழே போய்ப் பார்த்தால் எவனோ ஏஎச்சியை மொத்தமாகக் கழற்றி லேண்ட் குரூஸர் ஷாக்கை மாட்டியிருக்கிறான்! டேஷில் விளக்கு எரியாமலிருக்க ஒயரை வெட்டி டேப் சுற்றியிருந்தான். வண்டி பாசிங்கும் (அரசு வாகனச் சோதனை) ஆகியிருக்கிறது. மனுஷர் லெக்ஸஸ் விலை கொடுத்து லேண்ட் குரூஸர் வாங்கியிருக்கிறார். சேசிஸ் ஒன்று என்பதால்தான் அந்த ஷாக் கச்சிதமாக உட்கார்ந்தது, அதுதான் வேடிக்கை.

அஜ்மான்_தம்பி:
பாய், நேற்று போய்ப் பார்த்தேன். ஆயில் இரண்டு கோடுகூட இறங்கவில்லை. "எல்லா எல்எக்ஸும் இப்படித்தான் சார்" என்றார் விற்கிறவர். 10,000 குறைக்கிறாராம்.

ஸ்பேனர்பாய்:
பத்து போதாது. அந்த விஎக்ஸ்ஆர் இன்னும் நிற்கிறதா? நின்றால் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடலாம். மாமியாருக்கு ஒரு சைடு ஸ்டெப் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.