முதல் கிட்டார்: எஃப் 310 எடுக்கவா, எஃப்ஜி 800 எடுக்கவா?

வணக்கம். பத்தாவது முடித்த மகளுக்கு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்க வேண்டும். ஆன்லைனில் வாங்க மனமில்லை. அண்ணா சாலை மியூஸி மியூசிக்கல் மாதிரி ஒரு கடையில் அவளே மடியில் வைத்து வாசித்துப் பார்த்து எடுக்கட்டும்.

யமஹாவில் எஃப் 310, எஃப்ஜி 800 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவதன் மேல்பலகை ஒட்டுப்பலகை, இரண்டாவதில் முழு ஸ்ப்ரூஸ் மரம். நாதம் அதில்தான் நன்றாக இருக்கும், சரி. ஆனால் எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். ஈரக்காற்றில் பலகை உப்பிக் கம்பி மேலே ஏறிவிடுமோ? கடலோரத்தில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், கம்பி உயரத்தைக் கடையிலேயே இறக்கித் தருவார்களா, அதற்குத் தனிக் காசா? பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தால் புது விரலுக்கு வலிக்காது? பையும் கேப்போவும் (கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) சும்மா கேட்கலாமா, முறைப்பார்களா?