ஏழாம் வகுப்புப் பையனும் அமெரிக்கக் கால்பந்தும்: நல்ல ஹெல்மெட் வாங்கினால் போதுமா?

டாலஸ்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அம்மா கூடவே கூடாது என்கிறார். எனக்கு அந்த ஆட்டம் மிகவும் பிடிக்கும். ஆனால் 2022 செப்டம்பரில் மயாமி அணியின் டுவா டங்கோவைலோவா தரையில் தலை மோதி, விரல்கள் விறைத்துக் கோணியபடி கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தது முதல் எனக்கும் தயக்கமாகவே இருக்கிறது. விலை கூடிய ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தால் ஆபத்து நீங்குமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

வாசுகி:

ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கிறது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. மூளை கலங்குவது வேறு விதமாக நிகழ்கிறது. ஓடிவரும் பேருந்து சட்டென நின்றால் உள்ளே நிற்பவர்கள் முன்னால் சரிவதைப் போல, தலை திடீரென நிற்கும்போதோ திருகும்போதோ, மண்டைக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை தன் போக்கில் நகர்ந்து இழுபடுகிறது. வெளியே எவ்வளவு மெத்தை வைத்தாலும் அதன் வேகத்தைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, முற்றிலும் தடுக்க முடியாது. போதாக்குறைக்கு, ஹெல்மெட் இருக்கும் துணிச்சலில் தலையையே ஆயுதமாக்கி முட்டும் பழக்கம் வளர்ந்ததால்தான் 1976-இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் அதற்குத் தடை விதித்தார்கள்.

பழைய ரசிகன்:

வாசுகி அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லோரும் மயக்கம் போட்டு விழும் அடியைப் பற்றியே பேசுகிறோம். மருத்துவர்களின் கவலை இப்போது அதைத் தாண்டிப் போய்விட்டது. பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர் 2002-இல் தமது 50-ஆம் வயதில், நினைவும் நிதானமும் குலைந்த நிலையில் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்பட்ட சேதத்தைப் போன்ற ஒன்றை அதில் கண்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை மெல்லச் சிதையும் அந்த நோயே இன்று சி.டி.இ. எனப்படுகிறது. வெப்ஸ்டர் ஆடியது சென்டர் இடத்தில். அங்கே நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுத்த மறுகணமே எதிராளியோடு மோதியாக வேண்டும். ஒவ்வொரு மோதலும் சிறியதுதான், ஆனால் ஆட்டத்துக்குப் பல பத்து முறை நடக்கும். இந்தச் சிறு அடிகளின் மொத்தச் சுமையே சி.டி.இ.-யோடு நெருங்கிப் பொருந்துகிறது, கன்கஷன்களின், அதாவது மூளை கலங்கும் பெரிய அடிகளின், எண்ணிக்கை அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எத்தனை வயதில் தொடங்கி எத்தனை ஆண்டுகள் ஆடுவான் என்பதைத்தான் நீங்கள் முதலில் கணக்கிட வேண்டும்.

பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-இல், ஆராய்ந்த 111 என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) வீரர்களின் மூளைகளில் 110-இல் சி.டி.இ. இருந்ததாக வெளியிட்டதை வைத்துப் பலர் பயமுறுத்துவார்கள். அறிகுறி கண்டு கவலைப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுத்தன என்பதால், ஆடியவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கு இந்நோய் வரும் என்று அதற்குப் பொருளில்லை. பள்ளியோடு நிறுத்தியவர்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

மைதானத்து மாமா:

தம்பி, ஒரேயடியாக மறுத்தால் பையன் மனம் உடைந்துபோவான். ஆகவே நேரே பயிற்சியாளரிடம் போய்ப் பேசுங்கள். வாரத்தில் எவ்வளவு நேரம் முழு மோதலோடு பயிற்சி தருகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கட்டும், ஏனென்றால் அடிகளில் பெரும்பகுதி ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில்தான் விழுகிறது. அடுத்து, தலையில் அடிபட்டால் வெளியே உட்கார வைக்கும் முடிவை யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். டங்கோவைலோவா அந்தச் சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பே ஓர் ஆட்டத்தில் தள்ளாடினார். முதுகுவலி என்று சொல்லி மீண்டும் ஆட விட்டார்கள். அதன் பிறகுதான், தள்ளாட்டம் தெரிந்தாலே அன்று ஆடக்கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். சிறுவர்களிடம் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தலையில் அடிபட்ட 13 வயது மாணவன் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கி மூளையில் ரத்தக்கசிவால் நிலைகுலைந்த பிறகே, மருத்துவ அனுமதியின்றி ஆடக்கூடாது என்ற சட்டம் 2009-இல் அங்கே வந்தது. பின்னர் எல்லா மாநிலங்களிலும் அதைப் போன்ற சட்டங்கள் வந்துவிட்டன. பயிற்சியாளரின் பதில் மழுப்பலாக இருந்தால், ஒன்பதாம் வகுப்பு வரை ஆளை மோதி வீழ்த்தாமல் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பறித்து ஆடும் ஃபிளாக் ஃபுட்பாலில் சேர்த்துவிடுங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதுவும் இடம்பெறுகிறது என்று சொன்னால் பையனும் இறங்கி வரக்கூடும்.

டாலஸ்வாசி:

மிக்க நன்றி. ஹெல்மெட் விலையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டேன். இந்த வாரமே பயிற்சியாளரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். மனைவியையும் உடன் அழைத்துப் போகிறேன்.