மறு: லோயரிங் ஸ்பிரிங்குக்குத் தமிழ்: ‘குறுவில்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். காரின் உயரத்தைக் குறைக்க மாட்டும் லோயரிங் ஸ்பிரிங்குக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒரு தம்பி எழுதியது:

> காரை இறக்குவதற்குப் போடும் ஸ்பிரிங் நீளம் குறைந்தது என்பதால் ‘குறுவில்’ என்றே வைத்துவிடலாம். சின்னதாக, அழகாக இருக்கிறது.

அழகாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் குறுவில் என்று எழுதிவிட்டால் படிக்கிறவனுக்கு நீளம் குறைந்த ஸ்பிரிங் என்பது மட்டும்தான் புரியும். நீளத்தைக் குறைக்க வீட்டில் கிரைண்டர் இருக்கிறதே, கடையில் எதற்குக் காசைக் கொட்டணும் என்ற அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். குன்னூர், கோத்தகிரி பக்கம் நான் பார்த்த இறக்கின கார்களில் இப்படி அறுத்த ஸ்பிரிங்கோடு ஓடுபவை நிறைய. ஏற்கெனவே பரவிக் கிடக்கும் தப்புக்கு நாமே ஒரு பெயர் வைத்து முத்திரை குத்திக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் ஆட்சேபம்.

அறுத்ததற்கும் அதற்கென்றே செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று நேற்றைய மடலில் ஒருவர் கேட்டிருந்தார். சுருள்வில்லின் விறைப்பு, அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆறு சுற்றில் ஒன்றை அறுத்து எடுத்தால் விறைப்பு 100 இருந்தது 120 ஆகிவிடும். அந்த 120 நம் காரின் எடைக்குச் சரியா, உள்ளே இருக்கும் சாக்காப்சர் அதைத் தாங்குமா என்று யாரும் கணக்குப் போடவில்லை, கிரைண்டர் பிளேடு எங்கே பட்டதோ அதுதான் கணக்கு. தவிர, கம்பியின் நுனி, ஸ்பிரிங் உட்காரும் கீழ்த்தட்டில் இருக்கும் பள்ளத்துக்கு ஏற்றபடி வளைத்துச் செய்தது. அறுத்த நுனி அங்கே உட்காராது, குத்திக்கொண்டு நிற்கும். இன்னும் சிலர் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிச் சுருளைத் தொய்ய வைக்கிறார்கள். எஃகைச் சூடேற்றி, குளிர்வித்து, மறுபடி பக்குவமாகச் சூடு காட்டி வரவழைத்த வலு அத்தோடு போச்சு. அது அப்புறம் ஓட ஓட இறங்கிக்கொண்டே இருக்கும்.

முறையாகச் செய்து வருவது காரைப் பெரும்பாலும் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை தாழ்த்தும். இடம் குறைந்துவிட்டதால் அடி முட்டாமல் இருக்க விறைப்பையும் அளவாகக் கூட்டியிருப்பார்கள். சிலவற்றில் ஒரு பக்கம் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும், அமுங்க அமுங்க விறைப்பு ஏறுவதற்காக. ஆகவே சொல்லில் வரவேண்டியது அதன் வேலை: தாழ்த்துவது.

‘தாழ்வில்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஐயா, மன்னிக்கணும், அதைப் பார்த்தால் ‘தாழ்வு’ என்பதோடு வேற்றுமை உருபு சேர்ந்த மாதிரி இருக்கிறது. ‘தாழ்வில் கோளாறு’ என்று ஒரு தலைப்பு வந்தால் என்ன புரியும்? ‘தணிவில்’லுக்கும் அதே கதி. ‘இறக்கவில்’ பட்டறைக்கு நெருக்கமானது, வண்டியை இறக்கியாச்சு என்றுதானே அங்கே பேச்சு. ஆனால் மலையில் இருக்கிற எங்களுக்கு இறக்கம் என்றால் பர்லியாறு பக்கம் போகிற சாலைதான். ஏற்றத்துக்கு ஒரு ஸ்பிரிங், இறக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங் விற்கிறார்களா என்று கேட்பார்கள், சத்தியமாகக் கேட்பார்கள்.

என் பரிந்துரை தாழ்த்துவில். ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகை, ஒற்று மிகுமா மிகாதா என்ற சண்டையும் இல்லை. வெறும் ‘வில்’ என்றால் அம்பு விடும் வில்லாகிவிடாதா என்று கேட்டவருக்கு: வில்வண்டி என்று நம் ஊரில் மாட்டுவண்டிக்கே பெயர் இருந்ததே, அடியில் பட்டை வில் வைத்துக் கட்டிய சொகுசு வண்டிக்கு. வாகனத்தைத் தாங்கும் ஸ்பிரிங்குக்கு வில் என்ற பெயர் கார் வருவதற்கு முன்பே நம்மிடம் உண்டு. பாடநூலில் உள்ள சுருள்வில் பொதுச்சொல்லாக இருக்கட்டும், கூட்டுச்சொற்களில் வில் போதும்.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது துணைச்சொற்கள்தான். வீட்டில் மாட்டும்போது அடிபடுவது அங்கேதான், அகராதியில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கேத்திப் பக்கம் ஒரு பையன் முன்சக்கரத்து ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் சாக்காப்சரும் ஒன்றாகச் சேர்ந்த தூணை, முழுசாகக் கழற்றித் திண்ணையில் படுக்க வைத்துவிட்டான். அதுவரை சரி. காரிலிருந்து அதை எடுக்க ஓரத்து நட்டுகளைத்தானே கழற்றினான், அந்தத் தைரியத்தில் நடு நட்டையும் ஸ்பேனர் போட்டுச் சுற்றிவிட்டான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எதுவும் போடவில்லை. மேல்தட்டு, பேரிங், ரப்பர் எல்லாம் பீரங்கிக் குண்டாகப் பறந்து அடுத்த வீட்டுக் கேரட் தோட்டத்தில் போய் விழுந்தன. முகம் அந்தத் திசையில் இல்லை, பிழைத்தான். ‘சக்கரம் தூக்கித்தானே இருந்தது அண்ணா, அதில் லோடே இல்லையே’ என்று என்னிடம் வாதாடினான். கார் ஜாக்கியில் நின்றாலும், ஸ்ட்ரட் வெளியே வந்துவிட்டாலும், அந்த நடு நட் இருக்கும்வரை ஸ்பிரிங் உள்ளே அமுங்கியேதான் கிடக்கும் என்பது அவன் பார்த்த வீடியோவில் இருந்திருக்கும், காதில் ஏறவில்லை.

கணக்கு சொல்கிறேன். ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம், சின்னக் காருக்கு ஏறத்தாழ அந்த அளவுதான். 10 சென்டிமீட்டர் அமுக்கினால் அது 200 கிலோவோடு எதிர்த்துத் தள்ளும். உள்ளே சேர்ந்திருக்கும் ஆற்றல், 10 கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அமுக்கத்தை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்கு.

ஸ்பிரிங் இப்படி முன்பே அமுங்கிக் கிடக்கும் நிலைக்கு, ஆங்கிலத்தில் ப்ரீலோட், ‘முன்சுமை’ என்று பட்டியலில் இருக்கிறது. நேர் மொழிபெயர்ப்பு, பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பையன் ‘லோடே இல்லை’ என்று ஏமாந்ததும் சுமை என்ற எண்ணத்தால்தானே? கண்ணுக்குத் தெரிகிற சுமை போய்விட்டது, ஆகவே ஆபத்தும் போய்விட்டது என்று நினைத்துவிட்டான். நான் நாணேற்றம் என்கிறேன். வில் என்று ஏற்றுக்கொண்ட பிறகு நாண் வர என்ன தடை? நாணேற்றிய வில் சும்மா சுவரில் சாய்ந்திருந்தாலும் அதற்குள் விசை இருக்கிறது என்று தமிழ் படித்த எவனுக்கும் தெரியும். ‘நாணேற்றம் இறக்கிய பின்னரே நடு நட்டைக் கழற்றவும்’ என்று ஒரு கையேட்டில் எழுதிப் பாருங்கள். ரொம்பக் கவிதையாக இருக்கிறது என்று யாராவது வருவீர்கள், வாருங்கள். பட்டறையில் ‘ஸ்பிரிங் டென்ஷன்ல இருக்கு, கை வைக்காதே’ என்பார்கள், அந்தப் பேச்சில் இருக்கும் எச்சரிக்கை முன்சுமை என்ற சொல்லில் இல்லை.

கிளாம்புக்கு வில்லமுக்கி என்று எளிதாக வைத்துவிடலாம். அது இரண்டாகத்தான் வரும், எதிரெதிரே மாட்டி, இதில் இரண்டு திருகு அதில் இரண்டு திருகு என்று மாற்றி மாற்றி இறுக்கணும். ஒரு பக்கமே இறுக்கினால் சுருள் கோணிக்கொண்டு நழுவும். அவசரத்தில், பட்டறையில் நட்டு சுற்றும் காற்றுத் துப்பாக்கியால் சுற்றுகிறவர்கள் மரையைத் தின்றுவிடுவார்கள்.

அடுத்து தொங்கல். சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கல் அமைப்பு’ என்று பழைய பட்டியல் ஒன்றில் பார்த்தேன், எனக்கு உடன்பாடில்லை. காரைத் தாங்குகிறது அது, தாங்கமைப்பு என்போம். தொங்கல் என்ற நல்ல சொல்லை அது நிஜமாகவே பொருந்தும் இடத்துக்கு மிச்சம் வைக்கலாம்: சக்கரம் தரையை விட்டுத் தூக்கி முழுக்கக் கீழே தொங்குகிற நிலை. தாழ்த்துவில் போட்ட காரில் இதற்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் சாக்காப்சர் பழைய நீளம், வில் புதிய நீளம். அளவு பொருந்தாத வில்லாக இருந்தால் தொங்கலில் அது இரண்டு தட்டுக்கும் நடுவே லொடலொடவென்று ஆடும். சமவெளியில் இது எப்போதாவது. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் உட்பக்கச் சக்கரத்தின் பாரம் குறைகிறது, கூடவே சாலையோரம் பெயர்ந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம். வில் இருக்கையிலிருந்து விலகி, திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரும். மாட்டும்போதே அடி ரப்பர் தட்டை மறந்தவர்களுக்கும், தலைகீழாக மாட்டினவர்களுக்கும் சத்தம் முதல் வளைவிலேயே கேட்டுவிடும்.

சரிவைப் பற்றி ஒரு வரி. எங்கள் ஊரில் சமதளமான வாசல் என்பது வசதி படைத்தவர்களுக்கு மட்டும். பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும், பின்பக்கம் இரண்டையும் தூக்கினால் பிடிக்க ஒன்றும் இல்லை, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் தூக்காதீர்கள். ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கவும் வேண்டாம், ஸ்டாண்டு போடுங்கள்.

சக்கரத்தைக் காரோடு இணைக்கும் இரும்புக் கைகளில் (கன்ட்ரோல் ஆர்ம்) இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கலில் இருக்கும்போது கடைசி இறுக்கு இறுக்கிவிடுவதும் பரவலான தப்பு. காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் முழு இறுக்கு. அந்த உயரத்துக்கு நிலையுயரம் என்று வைக்கலாமா? ‘நிலையுயரத்தில் இறுக்கவும்’ என்றால் மூன்று வரி விளக்கம் மிச்சம். நிலையுயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறும், அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒருபக்கம் தேய்வது உறுதி.

இப்படி மாட்டச் சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்ட தம்பிக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படியுங்கள், தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைப் பற்றியது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே விளக்கியிருக்கிறது. பட்டியலில் சொல் சேர்ப்பது வேறு, வண்டியில் வில் மாட்டுவது வேறு.

மிச்சம் இருப்பது பம்ப் ஸ்டாப். ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது உலோகத்தோடு உலோகம் மோதாமல் தடுக்கும் அந்த ரப்பர். தாழ்த்திய காரில் அதற்கும் தட்டுக்கும் இடைவெளி குறைந்துவிடுவதால் சில வில்லுகளோடு அதை இவ்வளவு வெட்டணும் என்று குறிப்பு வரும், பலர் படிக்காமல் விட்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் தலை கூரையில் இடிக்க ஓட்டுகிறார்கள். ‘முட்டுத்தடை’ என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை, முட்டுவதைத் தடுக்கிறதா முட்டிக்கொண்டு தடுக்கிறதா என்று தெளிவில்லை. பட்டறையில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால் உங்கள் ஊரில் அந்த ரப்பரை என்ன சொல்லிக் கேட்டு வாங்குவீர்கள் என்று எழுதுங்கள்.