பொருள்: தோட்டாவைக் கெட்டிப்பதா, நிரப்புவதா?

கோத்தகிரியிலிருந்து, திங்கள் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு பாதுகாப்புக் கையேட்டை மொழிபெயர்த்து அனுப்ப ஒப்புக்கொண்டு, இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதிய கேப்பு (ஊசி அடித்ததும் பற்றி மருந்தைக் கொளுத்தும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை வைத்து மறுபடி பயன்படுத்தும் வேலையைப் பற்றியது அந்தக் கையேடு, அதுவும் .25, .32 (குழலின் விட்டம், ஏறத்தாழ அங்குலத்தில்) போன்ற சிறு கைத்துப்பாக்கிகளுக்கு மட்டுமானது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். இதைப் படிக்கப் போகிறவர்கள் அமெரிக்காவில் குறிசுடும் பழக்கமுள்ள தமிழர்கள். அங்கே சொந்தப் பயனுக்காக இதைச் செய்துகொள்வது வழக்கத்தில் உள்ளது.

முதற்சொல், இந்த வேலையின் பெயர். இப்போதைக்குக் 'கைநிரப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது சற்றுச் சிக்கலானது. கூட்டில் மருந்து விழாமலே போனாலும் போதாமல் விழுந்தாலும், கேப்பின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் ஓரங்குலம் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். சத்தம் மெலிதாகக் கேட்கும். சுடுபவர் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துவிடக்கூடும். இந்த நிகழ்வுக்குத்தான் பெயர் வேண்டும்.

அருவங்காட்டிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேடுகிறீர்கள்? எங்கள் பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்தார்கள். கோயில் திருவிழாவில் இன்றைக்கும் வேட்டு கெட்டிக்கிறார்கள். கெட்டித்தல் என்றால் எந்தக் கிராமத்தானுக்கும் புரியும். 'கைநிரப்பு' என்பதைக் கேட்டால் எனக்குக் கையூட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. 1903இல் தொடங்கிய எங்கள் ஊர்க் கார்டைட் (ஒருவகை வெடிமருந்து) தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்கிற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன்: கேப்பு, மருந்து ஆகிய இரண்டு சொற்களிலும் யாரும் கை வைக்க வேண்டாம்.

உதகையிலிருந்து, செவ்வாய் மாலை

அருவங்காட்டு நண்பர் தடுத்தாலும் நான் கை வைக்கத்தான் போகிறேன். தோட்டா நம் சொல்லன்று, 'வெடியுறை' என்போம். கேப்புக்கு 'முன்னெரி' என்பது என் பரிந்துரை. மருந்துக்கு முன்னால் எரிவதால் முன்னெரி. கெட்டித்தலை மட்டும் வரவேற்கிறேன், ஏனெனில் கட்டு, கட்டி, கெட்டி ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் கேத்தி ஊர்ப்பெயரையும் இந்த வேரோடு வைத்து ஆராய வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருக்கிறேன். துப்பாக்கியை மட்டும் அயற்சொல் என்று தள்ளிவிடாதீர்கள். வான்சிறப்பில் 12ஆம் குறளிலேயே துப்பாக்கி இருக்கிறது.

கையேட்டில் எடை அளவு வருமானால், கிரெயின் என்று எழுதாமல் குன்றிமணி என்று எழுதுங்கள். பொற்கொல்லர் வழங்கிய அருமையான அளவுப்பெயர் அது.

குன்னூரிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, அந்தக் குறளில் வரும் துப்பாக்கி உணவை உண்டாக்குவது. உங்கள் மாணவர்கள் இதை நகைச்சுவையாகச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஊர்ப்பெயரை இதனோடு முடிச்சுப் போட்டால் கேத்திக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அச்சகம் நடத்துபவளாக எனக்கு ஒரு கவலை உண்டு. கோத்தகிரி அக்காள் நேற்றுத் தனியே அனுப்பிய பக்கங்களில், இன்றைய தோட்டாக்களில் போடும் மருந்துக்குப் 'புகையிலா மருந்து' என்று ஒரு தொடர் இருந்தது. எங்களிடம் மெய்ப்புப் பார்ப்பவர் அதைப் பிழையென்று கருதிப் 'புகையிலை மருந்து' என்று திருத்திவிட்டார், அதுவும் நான்கு இடங்களில். 'புகையற்ற மருந்து' என்று எழுதிவிட்டால் தப்பிக்கலாம்.

இரண்டாம் சொல்லுக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடனே தோன்றியது 'புஸ்வாணம்'.

கோத்தகிரியிலிருந்து, புதன் காலை

புகையற்ற மருந்தை அப்படியே எடுத்துக்கொண்டேன், நன்றி, தங்கையே. குன்றிமணி வேண்டவே வேண்டாம், ஐயா. கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். குன்றிமணி ஏறத்தாழ 120 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட இருமடங்கு. தராசில் இருப்பது கிரெயின், உற்பத்தியாளரின் அட்டவணையில் இருப்பதும் கிரெயின். இடையில் ஒருவர் குன்றிமணி என்று படித்துக் கணக்குப் போட்டால், ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்ததற்கு ஒப்பான விளைவு வரும். இந்தச் சிறு தோட்டாக்களில் மருந்தின் அளவு பெரும்பாலும் இரண்டு மூன்று கிரெயினைத் தாண்டாது. நாற்பத்தைந்து கிரெயின் கொள்ளும் பெரிய துப்பாக்கித் தோட்டாவில் 0.2 கிரெயின் கூடினால் அது அரை விழுக்காடு கூட இல்லை. ஒன்றரை கிரெயினில் அதே 0.2 கூடினால் பதின்மூன்று விழுக்காடு. கையேட்டில் எட்டுப் பக்கம் தராசைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் இதுதான். காற்றாடிக்குக் கீழே தராசை வைக்கக் கூடாது, எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்காமல் தொடங்கக் கூடாது, மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துப் புட்டி மட்டுமே இருக்கலாம், பெயர்ச்சீட்டு உரிந்த புட்டியில் இருப்பதை ஊகித்துப் பயன்படுத்தவே கூடாது என்று வரிசையாகச் சொல்கிறார்கள்.

கெட்டித்தலைப் பற்றி அருவங்காட்டு ஐயாவிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். பாட்டனார் கெட்டித்தது கரிமருந்து (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய மருந்து) அல்லவா? கரிமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் ஆபத்து, ஆகையால் கோலால் இடித்து இறுக்குவதுதான் முறை. புகையற்ற மருந்து இதற்கு நேர்மாறானது. பதினாறு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள .25 கூட்டில் குண்டைக் குறித்த ஆழத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் அழுத்திவிட்டாலும் உள்ளிடம் குறைந்து அழுத்தம் தாறுமாறாக ஏறும். 'கெட்டித்தல்' என்று தலைப்புப் போட்ட கையேட்டைக் கையில் வைத்திருப்பவர், நன்றாக அழுத்தி வைப்பதுதான் வேலை என்று எண்ணமாட்டாரா? வேறெந்தத் துறையாக இருந்தாலும் உங்கள் சொல்லுக்கே கை தூக்கியிருப்பேன்.

அருவங்காட்டிலிருந்து, புதன் இரவு

நீங்கள் சொல்வது சரிதான். அதை மறுத்தால் நான் பார்த்த வேலைக்கே அழகில்லை. ஆனாலும் 'நிரப்புதல்' மட்டும் எந்த விதத்தில் உயர்ந்தது? நிரப்பு என்றால் விளிம்பு வரை என்றுதான் நம் காதில் விழுகிறது. குடத்தை நிரப்பு என்றால் யாரும் பாதியோடு நிறுத்துவதில்லை. இந்தக் கூட்டில் விளிம்பு வரை மருந்து போட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு குற்றத்துக்காக என் சொல்லைத் தள்ளிவிட்டு, அதே குற்றமுள்ள இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

புஸ்வாணத்தை நான் ஏற்க மாட்டேன். தீபாவளிக்குப் புஸ்வாணம் சரியாக எரியாவிட்டால் பிள்ளைகள் சிரித்துவிட்டு அடுத்ததைப் பற்ற வைக்கிறார்கள். இங்கே அடுத்ததைச் சுடவே கூடாது. துப்பாக்கியை இறக்கி, தோட்டாக்களை வெளியே எடுத்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபேச்சு. எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கட்டும்: 'குழலடைப்பு'.

குன்னூரிலிருந்து, வியாழன் காலை

குழலடைப்புக்கு என் வாக்கு. அப்படியானால் சுத்தமாகவே வெடிக்காத தோட்டாவுக்கு 'நமுத்தல்' என்று வைத்துக்கொள்ளலாமா? ஆடி மாதத்து மூடுபனியில் எங்கள் வீட்டு அப்பளமும் தீப்பெட்டியும் ஒரே நாளில் நமுத்துப்போகின்றன. மலைக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாத சொல் அது.

கோத்தகிரியிலிருந்து, வியாழன் இரவு

நமுத்தல் ஈரத்தை மட்டுமே காரணமாகக் காட்டுகிறது. கேப்பு முழுவதும் உட்காராமல் போனாலும் வெடிக்காது. அதனால் 'வெடியாமை' என்று எழுதி, அரை நிமிடமாவது குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்திருக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துவிட்டேன், ஏனெனில் மருந்து தாமதமாகப் பற்றுவதும் உண்டு. மெய்ப்புப் பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர் தோட்டாவுக்கு 'ரவை' வேண்டும் என்றார். நம் பக்கத்தில் அது உப்புமாவுக்கு உரியது என்பதால் சொல்லடைவில் மட்டும் இடம் கொடுத்திருக்கிறேன்.

குழலடைப்புக்கு ஆறு பேர், எதிர்ப்பவர் யாருமில்லை. 'தோட்டா நிரப்புதல்' நான்குக்கு மூன்று என்ற கணக்கில் நிற்கிறது. அந்த நால்வரில் இருவர் தூக்கம் வருகிறது என்று சொல்லி வாக்களித்தவர்கள். விளிம்பு வரை என்ற பொருள் வந்துவிடாமலிருக்க, முதற்பக்கத்திலேயே 'அட்டவணையில் கண்ட அளவுக்கு மட்டும் நிரப்புதல்' என்று விரித்து எழுதினேன். அருவங்காட்டு ஐயாவின் சொல்லும் கையேட்டில் இடம் பிடித்துவிட்டது. குண்டை உட்கார்த்தும் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'கெட்டிக்காதீர்கள்' என்று போட்டிருக்கிறேன். அதைவிடச் சுருக்கமாக அந்த எச்சரிக்கையைச் சொல்ல எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

உதகையிலிருந்து, வெள்ளி காலை

முன்னெரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கேப்பு என்று அச்சேறினால் அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன். குன்றிமணியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கேத்தியை அல்ல.